ஆர்கன் எண்ணெயா, வீட்டு எண்ணெயா: சொட்டுக் கணக்கும் கரண்டிக் கணக்கும்

மொராக்கோவிலிருந்து வரும் ஆர்கன் எண்ணெய் 30 மில்லி வாங்கும் காசுக்கு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாங்கிவிடலாம். இந்த ஒரு கணக்கை வைத்தே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இவ்வளவு விலை என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று சிலர். செக்கெண்ணெய் இருக்கும்போது வெளிநாட்டுச் சரக்கு எதற்கு என்று சிலர். ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகும் என்று இருவருமே கேட்பதில்லை.

ஆர்கன் ஒரு தடவைக்கு மூன்று சொட்டு போதும். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் 30 மில்லி புட்டி 200 தடவைக்கு வரும். தேங்காய் எண்ணெய், முதுகுவரை முடி உள்ளவருக்கு, ஒரு தடவைக்கு 15 மில்லி. வாரம் இரண்டு முறை வைத்தால் மாதம் 120 மில்லி, லிட்டர் எட்டு மாதத்தில் தீரும். ஆக, சொட்டுக் கணக்கில் பயன்படுத்தினால் ஆர்கன் விலை அதிகமில்லை. அதையே தேங்காய் எண்ணெய் போல உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தால் இரண்டே குளியலில் புட்டி காலி, பலனும் கூடுதலாக ஒன்றுமில்லை. எனவே எது நல்ல எண்ணெய் என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு எது என்று கேட்பதுதான் உதவும். ஆர்கன், தேங்காய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய நான்கையும் அப்படித்தான் இங்கே எடைபோடுகிறோம்.

ஆர்கன் எங்கிருந்து வருகிறது, ஏன் அந்த விலை

ஆர்கன் மொராக்கோவின் தென்மேற்கு மூலைக்கே உரிய முள்மரம். அகாதிர், எஸ்ஸவுய்ரா, தாரூதான்த் ஆகிய ஊர்களைச் சுற்றி, அட்லாண்டிக் கடற்காற்றும் சகாரா வறட்சியும் சந்திக்கிற நிலத்தில் வளர்கிறது. எல்லைக்கு அப்பால் அல்ஜீரியாவின் திந்தூஃப் பக்கமும் கொஞ்சம் உண்டு. ஆழமாக வேரோடி மண்ணைப் பிடித்து வைப்பதால், பாலை முன்னேறாமல் தடுக்கும் வேலியாகவும் அந்த நாடு இதைப் பார்க்கிறது. யுனெஸ்கோ 1998இல் ஆர்கன் காடுகளை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2014இல் இந்த மரத்தைச் சுற்றிய செய்முறை அறிவையும் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் ஐ.நா. மே 10ஐ ஆர்கன் நாளாக்கியது.

நம்மவர்களுக்கு ஒரு செய்தி சுவையாக இருக்கும்: ஆர்கனும் நம் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பம், சப்போட்டாவும் அதே குடும்பம்தான். இலுப்பை எண்ணெய் விளக்குக்குப் போனது, அதன் புண்ணாக்கு நுரைக்கும் என்பதால் எண்ணெய் தேய்த்த தலையை அலசப் பயன்பட்டது. ஆர்கன் புண்ணாக்கும் கசக்கும், மொராக்கோவில் அது மாட்டுக்குப் போகிறது. ஒரு பங்காளி உலகச் சந்தையில் புட்டிக்குள் ஏறிவிட்டான், இன்னொருவன் கோயில் தோப்போடு நின்றுவிட்டான்.

விலைக்குக் காரணம் கொட்டை. பழத்தை வெயிலில் காயவைத்து, தோலும் சதையும் நீக்கினால், கல் போன்ற ஓடு மிஞ்சும். உள்ளே ஒன்று முதல் மூன்று பருப்பு. அப்பகுதியின் பூர்வகுடிகளான அமாசிக் இனப் பெண்கள் தட்டைக் கல்லின் மேல் கொட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, இன்னொரு கல்லால் ஒரே அடியில் ஓட்டைப் பிளக்கிறார்கள். பருப்பு நசுங்கக் கூடாது. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஓரிரு கிலோ பருப்புதான் சேரும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 30 முதல் 40 கிலோ பழம் வேண்டும். அரைப்பதும் பிழிவதும் இயந்திரத்துக்கு மாறிவிட்டாலும், உடைக்கும் வேலை பெரும்பாலும் இன்னும் கையில்தான் இருக்கிறது. ரபாத் நகரின் ஐந்தாம் முகமது பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் ஜுபைதா ஷருஃப் 1990களில் இந்தப் பெண்களைக் கொண்டு கூட்டுறவுகள் அமைக்க முன்நின்றார். இன்று கூட்டுறவு முத்திரையோடு வரும் புட்டிகளுக்கு அதுதான் தொடக்கம்.

பழைய முறையில், அரைத்த பருப்பை வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து எண்ணெயைப் பிரிப்பார்கள். நீர் கலந்த எண்ணெய் சில வாரங்களில் கெட்டுவிடும். இப்போது நீர் சேர்க்காமல் திருகு இயந்திரத்தில் பிழிகிறார்கள், அதனால்தான் கடல் கடந்தும் தாங்குகிறது. இன்னொரு பிரிவும் உண்டு: வறுத்த பருப்பில் எடுத்தது சமையலுக்கு, வறுக்காததில் எடுத்தது தோலுக்கும் முடிக்கும். வறுகடலை மணம் தூக்கலாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது சமையல் எண்ணெய். தீங்கில்லை, ஆனால் தலையணை எல்லாம் மணக்கும்.

மரத்தில் ஏறி நிற்கும் ஆடுகளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பழத்துக்காக ஆடுகள் ஏறுவது உண்மைதான். சாலையோரத்தில் வரிசையாகச் சிலைபோல் நிற்பவை மட்டும் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்காக ஏற்றி நிறுத்தியவை.

தலைக்கு: குளிப்பதற்கு முன்னா, பின்னா

முழுக் குழப்பமும் இந்த இடத்தில்தான். முடி நீரில் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பும்போது மேலே ஓடுபோல் அடுக்கியிருக்கும் செதில்கள் தூக்கிக்கொள்ளும்; அந்த நிலையில் ஷாம்புவும் சீப்பும் சேர்ந்தால் முடியின் புரதம் கரைந்து வெளியேறும். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் கார்பன் சங்கிலி குட்டை, நேர்கோடு. முடித்தண்டுக்குள் நுழைந்து நீர் உட்புகுவதைக் குறைக்கிறது. 2003இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், தேங்காய் எண்ணெய் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் குறைக்கவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் காரணம் வேதியியலில் தெளிவாக நிற்கிறது.

ஆர்கனில் லாரிக் அமிலம் சொல்லும்படி இல்லை. 43 முதல் 49 சதவீதம் ஒலிக் அமிலம், 29 முதல் 36 சதவீதம் லினோலிக் அமிலம். இவை நீளச் சங்கிலிகள், வளைந்தவை. பெரும்பாலும் மேலேயே படர்ந்து நிற்கும். அதனால் குளித்த பின் பூச ஆர்கன் நல்லது: செதில்களைப் படிய வைக்கும், பறக்கும் முடியை அடக்கும், மினுமினுப்புத் தரும். குளிப்பதற்கு முன் பூசினால் பாதுகாப்பும் குறைவு, பூசியதில் பாதி ஷாம்புவோடு சாக்கடைக்குப் போகும்.

ஆகவே குளிக்கும் முன் தேங்காய், குளித்த பின் ஆர்கன். இருவரையும் ஒரே வேலைக்குப் போட்டியாக நிறுத்துவதே தவறு.

தேங்காய் எண்ணெய்க்கு: காய்ந்த முடியில், சிக்கெடுத்த பிறகு, காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்குத்தான் முதலில் பூச வேண்டும். பலர் உச்சியில் ஊற்றித் தேய்த்து நுனியை மறந்துவிடுகிறார்கள். நுனிதான் வயதான முடி, சேதமும் அங்கேதான் அதிகம். இரவே வைக்கலாம், முடியாவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக. பூசியபின் முடி பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது. அதிகமாக வைத்தால் எண்ணெய் போக இரண்டு முறை ஷாம்பு போடுவீர்கள். அந்த இரண்டாவது ஷாம்பு, எண்ணெய் காத்ததைப் பறித்துவிடும்.

ஆர்கனுக்கு: துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் இன்னும் இருக்கும்போது, மூன்று சொட்டை இரு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்துப் பரப்பி, முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் தடவுங்கள். அடர்த்தியான சுருட்டை முடிக்கு ஐந்தாறு சொட்டு. மெல்லிய முடிக்கு இரண்டே சொட்டு. நான்காவது சொட்டில் தலை குளிக்காத மாதிரி ஆகிவிடும். உச்சந்தலையில் வேண்டாம்.

விளக்கெண்ணெயை இந்த வரிசையில் கடைசியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அதில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம். தேங்காய் எண்ணெயைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. முடியைப் பிடித்து வைக்கும், கருப்பாகவும் அடர்த்தியாகவும் காட்டும். முடியை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சோதனை இல்லை. புருவமும் இமையும் வளரும் என்று சொல்வதும் இதேதான்: எண்ணெய் பூசிய மயிர் தடித்துத் தெரியும், கழுவினால் பழையபடி. தனியாகப் பூசாமல் ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, இழை இழையாகக் கீழ்நோக்கித் தடவுங்கள். நீண்ட முடியை உச்சியில் குவித்துப் பிசைந்தால், நீர் பட்டதும் முடி கம்பளி போல் ஒன்றோடொன்று இறுகி, வெட்டுவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். அப்படி நடந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. விதையில் இருக்கும் நஞ்சான ரிசின் எண்ணெயில் கரையாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும்; அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உடம்புக்கு: இங்கே ஆர்கன் வீண்

உடம்பு முழுக்கத் தேய்க்க 50 முதல் 60 மில்லி எண்ணெய் வேண்டும். கரண்டிக் கணக்கு வேலை இது, ஆர்கனை இங்கே கொண்டுவருவது காசைக் கொட்டுவது. அதுவும் நல்லெண்ணெய் பக்கத்திலேயே இருக்கும்போது. ஒலிக்கும் லினோலிக்கும்தான் இரண்டிலும் பெரும்பகுதி. ஆர்கனில் ஒலிக் கொஞ்சம் தூக்கல், எள்ளில் லினோலிக் கொஞ்சம் தூக்கல். இரண்டிலும் வைட்டமின் ஈ குடும்பத்தின் காமா வகைதான் அதிகம். நல்லெண்ணெயில் கூடுதலாக செசமின், செசமோலின் என்ற எள்ளுக்கே உரிய பொருள்கள் இருப்பதால், இவ்வளவு லினோலிக் உள்ள எண்ணெய் சீக்கிரம் காறல் எடுக்க வேண்டும் என்ற விதியையும் மீறித் தாங்குகிறது. குறை என்றால் வாடையும், வெள்ளைத் துணியில் படும் கறையும்தான்.

எள் இந்தியத் துணைக்கண்டத்திலேயே பயிராக்கப்பட்டது. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. எள்ளின் நெய்தான் எண்ணெய். மற்றவை எல்லாம் அதன் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டவை.

கிண்ணத்தில் எடுத்து வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள், நேரடியாக அடுப்பில் காய்ச்ச வேண்டியதில்லை. அரை மணி நேரம் ஊறினால் போதும். பிறகு சீயக்காயோ பயத்தமாவோ. குளியலறைத் தரையில் வழிந்த எண்ணெயை அப்போதே துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலில் உண்மையான ஆபத்து அந்தத் தரைதான்.

செக்கில் எள் ஆட்டும்போது 10 கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி சேர்ப்பார்கள். மாவு இறுகி எண்ணெய் பிரிவதற்காக அது. இனிப்பு பெரும்பாலும் புண்ணாக்கோடு போய்விடும். ஆட்டி வந்த எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலாக வடித்தெடுக்க வேண்டும். மண்டியோடு பாட்டிலில் அடைத்தால் ஈரம் அதிலிருந்து ஏறிக் கெடும். தேங்காய் எண்ணெயிலும் கெடுக்கும் எதிரி ஈரமே. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் உலர்களங்களில் கொப்பரையை நொறுங்கும் பதத்துக்குக் காயவைப்பது அதற்குத்தான். அரைகுறையாகக் காய்ந்த கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும். அதை மறைக்கக் கந்தகப் புகை போட்டு வெளுக்கவைப்பதும் நடக்கிறது. அளவுக்கு மீறி வெள்ளையாக இருக்கும் கொப்பரையைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயில் சடசடப்பு முழுவதும் அடங்கும்வரை இறக்கக் கூடாது. சத்தம் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

முகத்துக்கு

இங்கே ஆர்கன் முன்னால் வருகிறது. இரவில் முகம் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு, இரண்டு மூன்று சொட்டை விரல் நுனியால் ஒற்றிப் பூசினால் போதும். எண்ணெயில் நீர் கிடையாது. காய்ந்த தோலில் பூசினால் அடைத்து வைக்க ஈரமே இல்லாமல் வெறும் பிசுபிசுப்புதான் மிஞ்சும். மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம் மொராக்கோவில் 60 நாள் நடந்த சோதனை ஒன்று 2015இல் வெளியானது. ஆர்கனைத் தோலில் பூசியபோது தோலின் நெகிழ்ச்சி கூடியது. சிறிய சோதனைதான். சுருக்கத்தை அழிக்கும் என்று அதை நீட்டிப் படிக்கக் கூடாது. வறண்ட தோல் மிருதுவாகும் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் கை, கால், உதட்டு வறட்சிக்கு அருமை. பரு வரும் முகத்துக்கு வேண்டாம், துவாரத்தை அடைக்கும். பருவும் எண்ணெய்ப்பசையும் உள்ளவர்கள் ஆர்கனைக்கூட ஒரு பக்கக் கன்னத்தில் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நான்கில் எதுவும் வெயிலுக்கு சன்ஸ்கிரீன் ஆகாது.

பொடுகு இருந்தால் கதையே வேறு. பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலாசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பு அமிலங்களைத் தின்றுதான் வாழ்கிறது, லாரிக் அமிலமும் அதற்கு உணவு. வறட்சி என்று நினைத்து உச்சந்தலையில் எண்ணெய் ஊற்ற ஊற்ற, செதில் மஞ்சளாகி ஒட்டும், அரிப்பும் கூடும். முதலில் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு, எண்ணெய் முடி நீளத்துக்கு மட்டும். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் நல்லெண்ணெயைத் தொடவே கூடாது. புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள்.

புட்டியைத் திருப்பிப் படித்தால்

முன்பக்கத்தில் ஆர்கன் என்று பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கப் பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து தொடங்கும். முதலில் சைக்ளோபென்டாசிலோக்சேன், அடுத்து டைமெத்திகோன் என்று வந்து, ஆர்கனின் பட்டியல் பெயரான ஆர்கானியா ஸ்பினோசா கெர்னல் ஆயில் நான்காவதாகவோ வாசனைக்குப் பக்கத்திலோ இருந்தால், நீங்கள் வாங்குவது சிலிக்கோன் சீரம். முடி வழவழப்புக்கு அது மோசமில்லை. ஆனால் முகத்துக்கு ஆர்கன் பூசுகிறோம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம். தனி ஆர்கன் என்றால் பட்டியலில் ஒரே பெயர், கருமையான கண்ணாடிப் புட்டி, இளம் பொன்னிறம், சற்று நேரத்தில் மறையும் மெல்லிய பருப்பு மணம். மணமே இல்லையென்றால் சுத்திகரித்தது. பூக்கடை மணம் என்றால் சென்ட் சேர்த்தது.

உள்ளூர்ப் பக்கமும் இதே கதைதான். ஹேர் ஆயில் என்று விற்பவற்றில் பட்டியலின் முதல் பெயர் லைட் லிக்விட் பாரஃபின் என்று இருப்பது சாதாரணம். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. மேலே படரும், உள்ளே போகாது. 2003 ஆய்வில் புரதத்தைக் காக்கத் தவறியது அந்த மினரல் ஆயில்தான். தலைக்கு வாங்கும்போதும் சமையல் எண்ணெய் வரிசையில் உணவுத்தர உரிம எண்ணோடு இருக்கும் தேங்காய் எண்ணெயை எடுப்பதே எளிது. இந்தச் சின்னப் பாக்கெட்டுகள் சமையல் எண்ணெயா தலை எண்ணெயா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், கூந்தல் எண்ணெய் என்று சொல்லி விற்காதவரை சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் முடிந்தது. தீப எண்ணெய் என்று மலிவாகத் தொங்கும் பாட்டிலை நல்லெண்ணெய் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள், அது விளக்குக்கான கலவை.

பிரிட்ஜில் வைத்து உறைந்தால் சுத்தம் என்ற சோதனையை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். கலப்படமாகச் சேர்க்கும் பாம் கர்னல் எண்ணெயும் கிட்டத்தட்ட அதே பதத்தில் உறையும். ஊட்டியில் உறைவதும் சென்னையில் மே மாதம் உருகி நிற்பதும் வெப்பநிலையைத்தான் காட்டும்.

எதை வாங்குவது

ஒரே ஒன்றுக்குத்தான் காசு என்றால் தேங்காய் எண்ணெய். முடி, கை, கால் மூன்றுக்கும் ஆகும். வாராவாரம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டுக்கு அதோடு அரை லிட்டர் நல்லெண்ணெய். சாயம் போட்ட, நேராக்கிய, காய்ந்து பறக்கும் முடியோ, வறண்ட முகமோ இருந்தால் 30 மில்லி ஆர்கன் சேர்க்கலாம். 100 மில்லி வேண்டாம், தீருவதற்குள் கெட்டுவிடும். விளக்கெண்ணெய் 50 மில்லி போதும், பித்தவெடிப்புக்கும் உதவும்.

ஆர்கன் புட்டியைத் திறந்த தேதியை மேலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை வரும், குளியலறை ஜன்னலோரத்தில் வைத்தால் அவ்வளவும் வராது. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தாற்போன்ற காறல் வாடை வந்தால் முகத்துக்கும் தலைக்கும் அது முடிந்தது. காறல் எடுத்த நல்லெண்ணெயைச் சாமி விளக்கில் ஊற்ற மனம் வராவிட்டால், மண்வெட்டி, அரிவாளில் பூசி வையுங்கள்; துரு பிடிக்காது.